உலை வைக்கும் முன்னே

மெஸ் லாபத்தில் ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமானால் கணக்கு நோட்டைக் கேட்காதீர்கள், எச்சில் வாளியைக் காட்டச் சொல்லுங்கள். சோறு நிறையக் கிடந்தால் அன்றைக்குக் குழம்பு நீர்த்துவிட்டது என்று அர்த்தம். அவரைக்காய்ப் பொரியல் ஒதுங்கிக் கிடந்தால் நார் சரியாக எடுக்கவில்லை. முட்டைக்கோஸ் அப்படியே திரும்பி வந்தால், மூன்றாம் நாளாக அதையே போட்டிருக்கிறோம். கறிவேப்பிலையும் முருங்கைச் சக்கையும் மட்டும் இருக்கிற நாளில் கல்லாவை எண்ணக்கூடத் தேவையில்லை. தேர்வாய் கண்டிகை சிப்காட் சாலையில் கொட்டகை போட்டுச் சமைக்க ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலம் நான் முதலில் பார்ப்பது அந்த வாளியைத்தான்.

தொழில் கற்றது இங்கே இல்லை, கும்மிடிப்பூண்டியில். தொண்ணூறுகளில் அங்கே சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்குப் போனேன். கேன்டீனை எடுத்திருந்த கான்ட்ராக்டருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்தக் காசு வந்துவிடும். அதனால் சோறு எவ்வளவு மீந்தாலும் அவருக்குக் கவலையில்லை, பருப்பு எவ்வளவு போடுகிறோம் என்பதில்தான் கண். சாம்பாரில் பருப்பைக் குறைத்தால் சோறு அதிகமாக மீந்துவிடும், ஆனால் பருப்புக் கணக்கு மட்டும் நோட்டில் அழகாக இருக்கும். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தலைமைச் சமையல்காரர் ஒருவர் இதைப் பார்த்துப் பார்த்துக் கொதிப்பார். "ஏம்மா, நூறு ரூபா பருப்ப மிச்சம் புடிச்சிட்டு முந்நூறு ரூபா சோத்தக் கொட்டுறாங்களே, இதுக்குப் பேரு சிக்கனமா?" என்பார். குழம்பு கெட்டியாக இருந்தால் ஆள் சோற்றை முடித்துவிட்டு எழுந்திருப்பான் என்பது அவரிடம் கற்றது. இன்று வரை பருப்பில் மட்டும் நான் கை இழுப்பதில்லை.

அப்போது தேர்வாயில் மெஸ் வைக்க ஆளும் இல்லை, அவசியமும் இல்லை. ஊரை ஒட்டி மேய்க்கால், அதைத் தாண்டிக் காடு. மாடு ஆடு அங்கே மேயும், விறகு அங்கிருந்து வரும், மழை பெய்தால் வரப்பிலும் காட்டோரத்திலும் கலவைக்கீரை. களாக்காய்க் காலத்தில் ஊறுகாய்க்குக் காசு கிடையாது. மாமியார் வீட்டுச் செலவுக் கணக்கில் கீரை, விறகு, மோர் மூன்றும் கடைசி வரை ஏறவே இல்லை. சிப்காட் வரப்போகிறது என்றதும் ஊர் எதிர்த்தது, போராட்டம் வழக்கு என்று சில வருஷம் ஓடிற்று. 2009-ல் மிச்சலின் டயர் கம்பெனி அரசோடு ஒப்பந்தம் போட்டது. 1,100 ஏக்கருக்கு மேல் வேலிக்குள் போனது. வேலை வந்ததா இல்லையா என்பதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அடுப்படிக் கணக்கு எனக்குத் தெரியும்: அதுவரை காசில்லாமல் வந்த பலதையும் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தோம்.

கட்டட வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் முதலில், பிறகு ஒடிசா, பீகார், வங்காளம். வீட்டுக்காரர் நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார். மெஸ் அப்படித்தான் ஆரம்பமானது.

சிக்கனம் என்றால் எல்லோரும் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். நான் ஆள் கணக்கைப் பற்றிப் பேசுவேன். நூறு பேர் வருவார்கள் என்று பொங்கி எழுபது பேர் வந்தால், தக்காளியில் பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே மத்தியானத்தில் போய்விடும். யார் எப்போது வருவார்கள் என்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைப் பிடிக்க எனக்கு இரண்டு மூன்று வருஷம் ஆனது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மாசம் ஏழாம் தேதியிலிருந்து பத்தாம் தேதிக்குள் சம்பளம். அந்த வாரம் மெஸ்ஸில் கூட்டம் குறையும். கையில் காசு இருப்பவன் கவரைப்பேட்டையில் பிரியாணி சாப்பிடுவான். இருபதாம் தேதிக்கு மேல்தான் அவனுக்கு நம் சாம்பார் ஞாபகம் வரும், அதுவும் கடனுக்கு. ஆக, மாசக் கடைசியில் அரிசி அதிகம், வரவு குறைவு. மாசத் தொடக்கத்தில் வரவு அதிகம், அரிசி குறைவு. இது தெரியாமல் தினமும் ஒரே அளவு வடித்து, ஆறு மாசத்தில் கடையை மூடிவிட்டுப் போனவர்களை இதே சாலையில் பார்த்திருக்கிறேன்.

ஷிப்ட் மாறும் நாள் தனிக் கணக்கு. நைட் ஷிப்ட் முடித்து வருபவன் காலையில் இட்லி தின்றுவிட்டுத் தூங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழ மாட்டான். சனிக்கிழமை ராத்திரி பாதிப் பேர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். சத் பூஜைக்குப் பீகார்க்காரர்களில் பாதி ரயிலேறிவிடுவார்கள், போனால் மூன்று வாரத்துக்கு வரமாட்டார்கள். பொங்கலுக்கு நேர்மாறு: நம் ஆட்கள் எல்லோரும் போய்விட, அவர்கள் மட்டும் இருப்பார்கள். அன்றைக்கு ரசம் வைத்தால் வீண்தான், உருளைக்கிழங்கும் பருப்பும் போதும்.

அரிசியை ஒரே உலையில் போடுவதில்லை. உடலுழைப்புக்காரருக்குக் கிலோ அரிசி ஐந்து, ஆறு பேருக்குச் சரியாகும். சூப்பர்வைசர் மாதிரி நிழலில் வேலை செய்பவர்களுக்கு எட்டு பேர் வரை. எதிர்பார்க்கிற கூட்டத்தில் முக்கால் பங்குக்கு முதல் உலை. மீதிக் கால் பங்கு அரிசியைக் கழுவி ஊறப்போட்டு, பக்கத்து அடுப்பில் தண்ணீரைக் கொதிநிலையில் வைத்துவிடுவேன். பன்னிரண்டே முக்காலுக்கு வாசலைப் பார்ப்பேன். வரிசை நின்றால் அரிசி உலைக்குப் போகும், பழைய அரிசி ஊறியிருந்தால் இருபது இருபத்தைந்து நிமிஷம். வரிசை இல்லாவிட்டால் ஊறின அரிசி அப்படியே கிரைண்டருக்கு, உளுந்து சேர்த்து மறுநாள் தோசைக்கு. புழுங்கலரிசி எதற்கும் வளைந்து கொடுக்கும். வடித்த பிறகுதான் அதற்கு வேறு வழி கிடையாது.

அரிசி எடுப்பது செங்குன்றத்தில். அந்த மண்டிகளில் மூட்டையைத் தொட்டுப் பார்த்தே புதுசா பழசா என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். அறுவடையான கையோடு வரும் புது அரிசி கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைவாக இருக்கும், குழைந்து ஒட்டும், சோறு காணாது. ஒரு வருஷப் பழசு விலை கூட, ஆனால் தண்ணீரைக் குடித்து உதிரியாக மலரும். பானையில் பார்த்தால் பழசுதான் மலிவு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அடுத்த நடை போனபோது மண்டியில் 26 கிலோ மூட்டைகள் அடுக்கியிருந்தன! ஒரு கிலோவைக் கூட்டி வரியைத் தாண்டிவிட்டார்கள். சிக்கனத்தை என்னிடம் கற்க வருபவர்கள் செங்குன்றத்து மில்காரர்களிடம்தான் போக வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார்.

ரேஷன் அரிசி மூட்டையை இருட்டில் கொண்டுவந்து பாதி விலைக்குத் தருகிறேன் என்பவர்களும் உண்டு. ஆந்திரா எல்லை பக்கத்தில் இருப்பதால் அந்த வியாபாரம் இங்கே பழையது. அது குற்றம், அதோடு அடுத்தவர் வீட்டு உலை. வாங்கியதில்லை.

காய்கறிக்குக் கோயம்பேடு. எங்கள் சாலையில் கடை வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டி பேசி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடு இரவில் கிளம்புவோம். நேரம் ஏற ஏற விலை இறங்கும், ஒன்பது மணிக்கு மேல் ரெண்டாந்தரம் பாதி விலைக்குக் கிடைக்கும். அங்கேதான் புதியவர்கள் விழுவார்கள். பாதி விலைத் தக்காளிப் பெட்டியில் மேலே இரண்டு அடுக்கு சிவப்பு, கீழே நசுங்கல். கால்வாசி போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நசுங்கினது ஒன்று பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், வெயில் காலத்தில் மறுநாளே பாதிப் பெட்டி ஒழுகும். அன்றைக்கே மொத்தத்தையும் தொக்காக்க அடுப்பும் ஆளும் இருந்தால் ரெண்டாந்தரம் வாங்கலாம். இல்லாவிட்டால் முதல் தரத்தில் பாதி அளவு வாங்குவதே மேல்.

வாங்கி வந்ததில் எதை முதலில் சமைப்பது என்பதற்கு யாரும் பட்டியல் போட வேண்டியதில்லை, காயே சொல்லும். கீரை அன்றைக்கே. மறுநாள் வெண்டை, கத்தரி, பீன்ஸ். முள்ளங்கியும் கேரட்டும் கோஸும் அதற்கப்புறம். பூசணி, சேனை, சேப்பங்கிழங்கு வண்டி வராத நாளுக்கு. வெண்டைக்காயைக் காத்திருக்க வைத்துவிட்டுப் பூசணியை வெட்டுகிறவரை நான் சமையலறைக்குள் விடமாட்டேன்.

தோல், தண்டு, காம்பு விஷயத்தில் எனக்கு இரண்டு குரு. ஒருவர் மாமியார். எங்கள் பக்கம் பாதிக் குடும்பங்களில் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்கும். அவர் சாம்பார் என்று சொல்லமாட்டார், பப்புதான். புளிச்சக்கீரை, மாங்காய், தோசைக்காய், முள்ளங்கி இலை எல்லாம் பருப்புக்குள் போய்விடும். பீர்க்கங்காய்த் தோலில் துவையல், கொத்தமல்லி வேரை நசுக்கி ரசத்தில். சத்தியவேடு பக்கத்திலிருந்து கூடையில் புளிச்சக்கீரை கொண்டுவரும் பெண்ணிடம் தக்காளி விலை ஏறும்போதெல்லாம் நான் கட்டுக்கட்டாக வாங்குவது மாமியாரிடமிருந்து வந்த பழக்கம். 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கம் சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டி வந்தது. எங்கள் மெஸ்ஸில் புளிச்சக்கீரைப் பப்பும் மோர்க்குழம்பும் மாறி மாறி ஓடின. தக்காளி இல்லையே என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு குரு வடக்கிலிருந்து வந்த பையன்கள். தொடக்கத்தில் அவர்கள் எங்கள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவார்கள். புளி ஒத்துக்கொள்ளவில்லை. அறைக்குப் போய்த் தாங்களே சமைப்பார்கள். ஒருநாள் ஒரு வங்காளத்துப் பையன் நான் சீவிப் போட்ட உருளைத் தோலைப் பார்த்துவிட்டு, "அக்கா, குப்பை இல்லே, குப்பை இல்லே" என்று அள்ளிக் கழுவினான். கருஞ்சீரகம் போட்டு கடுகு எண்ணெயில் மொறுமொறுவென்று வதக்கிக் கொடுத்தான். காலிபிளவர்த் தண்டும் அப்படித்தான், தோலைச் சீவிவிட்டால் நூல்கோல் போல இருக்கிறது. மீன் தலையைப் பருப்பில் போட்டு அவர்கள் வைக்கும் குழம்பை முதலில் முகம் சுளித்துத்தான் வாயில் வைத்தேன். ஒடிசாக்காரர்களிடம் கற்க ஒன்றுமில்லை, ஏனென்றால் எங்கள் பழையது அவர்களுக்குப் பக்காளா. தண்ணீர் ஊற்றிய சோறு, வெங்காயம், பச்சை மிளகாய், சுட்ட கத்தரிக்காய். அவர்கள் வந்த பிறகுதான் காலையில் பழைய சோற்றைக் கடையில் வைத்து விற்கலாம் என்கிற தைரியமே வந்தது. சித்திரை வைகாசியில் இப்போது அதற்கென்றே சோறு வடிக்க வேண்டியிருக்கிறது.

கறி, மீன் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, காலண்டரைப் பார்த்தால் போதும். புரட்டாசியில் நம் ஆட்கள் கோழியைத் தொடமாட்டார்கள், விலை இறங்கும். வடக்குப் பையன்களுக்குப் புரட்டாசி கிடையாது, நவராத்திரி ஒன்பது நாள் மட்டும் கவனித்தால் போதும். அந்த மாசம் அவர்களுக்கு வாரம் மூன்று நாள் கோழிக் குழம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, பழவேற்காடு பக்கத்துச் சின்ன மீன்கூட விலை ஏறும். அப்போது ஏரிக் கெண்டை, அதுவும் இல்லாவிட்டால் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. கருவாட்டுக் குழம்பு நாளில் எச்சில் வாளியில் சோறே விழாது, ஆனால் அரிசி ஐந்தில் ஒரு பங்கு கூட ஆகும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

புளி, மிளகாய், துவரை மூன்றையும் மாசி பங்குனியில் வருஷத்துக்கு வாங்கிவிடுவது வழக்கம். புதுச்சரக்கு வரும் காலம் அது. அதற்குப் பணம் புரட்டுவதுதான் கஷ்டம், சீட்டு போட்டுத்தான் சமாளிக்கிறோம். 2015-ல் துவரை கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது முந்தின சரக்கு கையில் இருந்ததால் கொஞ்ச நாள் ஓடியது. அதற்குப் பிறகு பாதி துவரை, பாதி பாசிப்பருப்பு, கெட்டிக்கு மஞ்சள் பூசணியை வேகவைத்து மசித்துவிட்டேன். கேன்டீன் கான்ட்ராக்டர் மாதிரி தண்ணீரை ஊற்றவில்லை. 2019 டிசம்பரில் வெங்காயம் ஏறியபோது அவ்வளவு எளிதாகத் தப்ப முடியவில்லை. வெங்காயத்துக்கு மாற்று என்று எதைச் சொன்னாலும் பொய். குருமாவை நிறுத்திவிட்டு மிளகு ரசம், மோர்க்குழம்பு, பொரித்த கூட்டு என்று காலம் தள்ளினோம்.

2020-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. மார்ச் கடைசியில் எல்லாம் அடைத்தாயிற்று. அறைகளில் பையன்கள் மாட்டிக்கொண்டார்கள், சில இடங்களில் கூட்டி வந்த ஆள் போனை எடுக்கவே இல்லை. கையில் இருந்த அரிசியும் பருப்பும் எத்தனை நாளைக்கு என்று எண்ணிப் பார்த்து, மூன்று வேளையை இரண்டாக்கினோம். அரிசி, பருப்பு, உருளை, மஞ்சள் எல்லாம் ஒரே அண்டாவில். அவர்களுக்குக் கிச்சடி, எங்களுக்குப் பருப்புச் சாதம். ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், கழுவத் தண்ணீரும் குறைவு. மே மாசம் கோயம்பேட்டை மூடினார்கள், செப்டம்பரில்தான் திறந்தார்கள். அந்த மாசங்களில்தான் சுற்றியிருந்த தோட்டங்களைப் போய்ப் பார்த்தோம். விற்க வழியில்லாமல் புடலையும் சுரையும் பூசணியும் கொடியிலேயே முற்றிக்கொண்டிருந்தன. முற்றல் சுரையை யாரும் வாங்கமாட்டார்கள், ஆனால் துருவி அடை மாவில் போடலாம். பூசணி விதையைக் காய வைத்து வறுத்தோம். ரயில் விட்ட பிறகு பாதிப் பேர் ஊர் போனார்கள். கடனை ஊரிலிருந்து போன் மூலம் அனுப்பினவர்கள் உண்டு, அனுப்பாதவர்களும் உண்டு. தோட்டக்காரர்களோடு அன்று ஏற்பட்ட பழக்கத்தால் கோயம்பேட்டு நடை இப்போது பாதியாகிவிட்டது.

எரிவாயுவும் சமையல் சாமான்தான் என்பது 2021 நவம்பரில் எல்லா மெஸ்காரருக்கும் புரிந்தது. வணிக சிலிண்டர் 2,000 ரூபாயைத் தாண்டியது. பருப்பையும் கொண்டைக்கடலையையும் முந்தின ராத்திரி ஊறப்போடாமல் அடுப்பில் ஏற்றுவது, மூடியில்லாமல் கொதிக்கவிடுவது, இதெல்லாம் பணத்தை எரிப்பது. சோறு வடித்த கஞ்சியைச் சூடாகவே பருப்பில் ஊற்றினால் கொதிக்க நேரமும் குறையும், குழம்புக்குக் கெட்டியும் வரும். மீதிக் கஞ்சியும் கழுநீரும் பின்னால் மாடு வைத்திருக்கும் பெரியம்மாவுக்கு. பதிலுக்கு மோர் வரும், இருவரும் கணக்கு எழுதுவதில்லை.

மீந்ததைப் பற்றிப் பெரிதாக எழுதுகிறார்கள். மீந்த இட்லியில் உப்புமா, மீந்த சப்பாத்தியில் கொத்து, எல்லாம் சரி. ஆனால் நூறு பேருக்குச் சமைக்கும் இடத்தில் சிலதைத் தயங்காமல் கொட்டத்தான் வேண்டும். மத்தியானம் வடித்த சோறு வெக்கையில் மூடிக்கிடந்து ராத்திரி எட்டு மணியாகிவிட்டால், அதைச் சூடாக்கினாலும் சரியாகாது. வயிற்றுப்போக்கில் ஒருவன் ஒரு நாள் கூலியை இழந்தால் என் சிக்கனத்துக்கு என்ன மரியாதை? தண்ணீர் ஊற்ற வேண்டிய சோற்றுக்கு ஆறின உடனே ஊற்றிவிட வேண்டும். தேங்காய் போட்ட குழம்பு, மீன் குழம்பு தவிர்த்த கறி வகை, மறுநாளுக்குக் கிடையாது. பொரித்த எண்ணெயை இரண்டு முறைக்கு மேல் அடுப்பில் ஏற்றுவதில்லை. கறுத்த எண்ணெயை இப்போது டீசல் தயாரிக்க எடுக்கிறார்கள், டின்னில் சேர்த்து வைத்தால் வந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

இன்று ஆள் கணக்கு மருமகள் கையில். வாட்ஸ்அப்பில் குரூப் வைத்திருக்கிறாள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு மணிக்குள் கட்டைவிரல் போட வேண்டும். போடாதவர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்று இந்தியிலும் தமிழிலும் எழுதிப் போட்டிருக்கிறாள். பாதிப் பேர் போடுவதில்லை. போட்டவர்களில் சிலர் வருவதில்லை. ஓவர்டைம் என்று ஒன்பதரைக்கு வந்து நிற்கும் பையனிடம், "ஏம்பா, நீ விரல் போடலியே" என்று அவள் கேட்பாள். அவன் என்னைப் பார்ப்பான். அதனால் அவள் எண்ணிக்கைக்கு மேல் ஏழெட்டுப் பேருக்குக் கோதுமை மாவைப் பிசையாமல் எடுத்து வைத்திருப்பேன். ஆள் வந்தால் பிசைந்து சுட்டுத் தரப் பத்து நிமிஷம். வராவிட்டால் மாவு டப்பாவுக்கே திரும்பிவிடும்.